அத்தையின் உப்புத் தண்ணீர்

மிஷின் சத்தம் போட்டால் எண்ணெய் விட வேண்டும், இது எங்கள் வீட்டுச் சட்டம். வீட்டு ஆண்கள் எல்லோரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தோடும் பிரஸ்ஸோடும் மல்லுக்கட்டியவர்கள். தையல் மிஷின், டேபிள் ஃபேன், கேட்டுக் கீல் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து. ஆகவே நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் தங்கை, என் அத்தை, நசரத்பேட்டையில் இருந்த புருஷன் வீட்டை விட்டு இரண்டு பையோடு பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஏன் வந்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எப்போது போவாள் என்றுதான் கேட்டார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆடி போனதும் முதல் ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அவருடைய அம்மாவும் வந்து அவளை அழைத்துப் போவதாகப் பெரியப்பா பேசி முடித்துவிட்டார். அத்தையிடம் சம்மதம் கேட்கவில்லை, தகவல் சொன்னதோடு சரி.

அந்த வாரமே அத்தை கொளத்தூர் மீன் தொட்டிக் கடைக்குப் போய், பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். கடல் மீன் வளர்க்கப் போகிறாளாம். குடிக்கிற தண்ணீரையே காசு கொடுத்து வாங்குகிற வீட்டில், கேன் கேனாக ஊற்றி உப்பைக் கரைத்தாள். கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவள், ஒயருக்கெல்லாம் பயப்பட மாட்டாள். கடைக்காரர் கொடுத்த கடல் கற்களை ஈரத்தோடு உள்ளே அடுக்கி, ஸ்கிம்மரை மாட்டினாள். தண்ணீரில் இருக்கும் அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு கப்பில் தள்ளுகிற சாமான் அது. நுரை ஒழுங்காக வந்து தண்ணீர் பக்குவப்பட்டால்தான் மீன் விடலாம்.

இரண்டு நாள் நுரை நன்றாக வந்தது. மூன்றாம் நாள் சத்தமும் சேர்ந்து வந்தது.

"இன்னாமா இது, ஊடா ரைஸ்மில்லா? கொர்ருனு கத்திகினே கீது. சத்தம் நிக்கலன்னா புடுங்கிப் போட்டுடுவேன்" என்றார் பெரியப்பா.

மறுநாள் அத்தை வேலைக்குப் போய்விட்டாள். தொட்டியைக் காப்பாற்றும் பொறுப்பு என்னுடையது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை எடுத்து ஸ்கிம்மர் பம்பின் மேல் தாராளமாக விட்டேன். சத்தம் நிற்கவில்லை. நுரை நின்றுவிட்டது.

அத்தை மூன்று நாள் அதோடு போராடினாள். காற்றுக் குழாயில் உப்பு அடைத்திருக்கும் என்று வெந்நீரில் கழுவினாள். பம்பைக் கழற்றிப் பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்தாள். தண்ணீர் வற்றி மட்டம் இறங்கியதால் பம்பு காற்றை இழுக்கிறது என்று கண்டுபிடித்து அரைக் குடம் ஊற்றினாள், சத்தம் அடங்கியது. நுரை மட்டும் வரவில்லை. சனிக்கிழமை குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தாள். பிறகு என் தலையை மோந்து பார்த்தாள்.

"எவ்ளோ ஊத்துன?"

"கொஞ்சூண்டு."

"நீ கொஞ்சூண்டு ஊத்துற ஆளாடி?"

"சத்தம் போட்டா எண்ணெ உடணும்னு பெரியப்பாதான் சொல்வாரு" என்று எதிர்த்து நின்றேன். அத்தை திட்டவில்லை. டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் மேல் விரித்து விரித்து எண்ணெயை ஒற்றி எடுத்தோம். கொஞ்சம் தண்ணீரையும் மாற்ற வேண்டியிருந்தது. டியூபை வாயில் வைத்து உறிஞ்சி வாளிக்கு இறக்கும் வேலையை நான் அடம் பிடித்து வாங்கிக்கொண்டேன். ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்த பிறகு அந்த வித்தை வந்துவிட்டது. அப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அவருடைய அம்மாவும் பழத்தட்டோடு வந்தார்கள். அத்தை ஸ்கிம்மரை நிறுத்திவிட்டு கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுக் கற்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வாங்க என்றாள், காப்பி போட நகரவில்லை.

"மீனே இல்லியே" என்றார் மாமா.

"துணிமணிய எட்த்து வைமா" என்றார் பெரியப்பா.

"இத்த உட்டுட்டு எங்க வர்றது? நானூறு கிலோ கீது. நவுத்த முடியாது" என்றாள் அத்தை.

பெரியப்பா தொட்டியைச் சுற்றி வந்து அசைத்துப் பார்த்தார். எனக்கு வழி தெரிந்தது. "தண்ணிய எறச்சிட்டா தூக்கிடலாம். டியூப் போட்டா அரை மணி நேரந்தான்" என்றேன்.

பெரியப்பாவுக்கு முகமெல்லாம் பல். தானே டியூபை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையை வாயில் வைத்தேன்.

அத்தை ஈரக் கையால் அதைப் பிடுங்கினாள். "எறைக்கக் கூடாது. யார் சொன்னாலும் எறைக்கக் கூடாது. இது இங்கதான் நிக்கும்." குரல் கொஞ்சமும் உயரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கிம்மர் சுவிட்சைப் போட்டாள். சற்று நேரத்தில் கப்பில் நுரை ஏறியது. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

மாமாவும் அவருடைய அம்மாவும் அத்தை இல்லாமலே திரும்பிப் போனார்கள். பெரியப்பா ஒரு வாரம் அத்தையோடு பேசவில்லை. நான் பத்து நாள் பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் என் வித்தையைக் காட்டவிடாமல் செய்துவிட்டாள். ஒரு மீன்கூட இல்லாத வெறும் உப்புத் தண்ணீருக்குப் போய் இவ்வளவு பிடிவாதமா என்று அன்றைக்கு எனக்கு அத்தை மேல்தான் ஆத்திரம்.