மிட்டாய்க்குள் என்ன இருக்கிறது

இந்த நாட்டில் மிட்டாயைப் பற்றிக்கூட ஃபோன் போட்டுக் கேட்கிறார்கள். இங்கிலாந்தில், வளைய மிட்டாய் செய்யும் ஒரு கம்பெனியில், அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. நடுவில் ஓட்டை எதற்கு? ஜெலட்டின் உண்டா? பச்சை நிறம் எதிலிருந்து வருகிறது? போன மாதம் ஒரு பெண், சர்க்கரை இல்லாத மிட்டாயை மேக்ஸ் ஒரு பாக்கெட் தின்றுவிட்டான் என்று பதறினாள். வயது கேட்டேன். ஏழு என்றாள். ஏழு வயதுப் பையனுக்கு வயிற்றுப்போக்குக்கு மேல் ஒன்றும் ஆகாது என்று தேற்றினேன். "அவன் என் நாய்!" என்று கத்தினாள். சர்க்கரைக்குப் பதிலாக அதில் சேரும் சைலிட்டால் நாய்களுக்கு விஷம். உடனே மருத்துவரிடம் ஓடச் சொன்னேன். நாய் பிழைத்தது. நன்றி சொல்லிக் கடிதம்கூட எழுதினாள்.

மதுரைப் பக்கம் கப்பலூரில் நான் முன்பு வேலை பார்த்த மிட்டாய்க் கம்பெனியை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் திருநகரிலிருந்து போவேன், என் கூட்டாளி சிக்கந்தர் வில்லாபுரத்திலிருந்து வருவான். பாகு காய்ச்சுவது அவன், லேபிள் என் பொறுப்பு. ஒருநாள் முதலாளி பெயரில்லாத டப்பாவில் சிவப்புப் பொடி கொண்டுவந்தார். திறந்ததும் சாயப்பட்டறை வாடை.

"இது என்னண்ணே?" என்றான் சிக்கந்தர்.

"கலர்தான்டா. எல்லாரும் போடுறதுதான், கலக்கு."

சிக்கந்தர் என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டு, 'அனுமதிக்கப்பட்ட நிறம்' என்று லேபிளில் எழுதினேன். இரண்டு வருடம் அதையே எழுதினேன்.

நான் இங்கே வந்த பிறகு அதிகாரிகள் மிட்டாயைச் சோதித்தார்கள். துணிச் சாயம் என்று தெரிந்தது. சிக்கந்தர் தன்னிஷ்டத்துக்கு வாங்கிக் கலந்துவிட்டான் என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். சிக்கந்தர் எனக்கு ஃபோன் செய்தான்.

"மாப்ள, அவரு சொல்லித்தான் கலக்குனேன்னு ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. உன்னைத் தவிர யாரும் பாக்கல."

எழுதினால் லேபிள் எழுதிய கையும் மாட்டும். அப்போது என் விசா புதுப்பிப்புக்குப் போயிருந்தது. "பாக்குறேன்டா" என்றேன். பிறகு நாலைந்து முறை அவன் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. அவனுக்கு ஆறு மாதம் தண்டனை. முதலாளி வேறு பெயரில் கம்பெனியைத் திறந்துவிட்டார். என் விசாவும் வந்தது.

இந்த வருடம் லீவில் மதுரைக்குப் போனபோது, மனது கேட்காமல் வில்லாபுரம் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தது அவன் மனைவி மும்தாஜ். எத்தனையோ நோன்புக்கு எனக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியவள், அண்ணே என்பதைத் தவிர வேறு விதமாய் என்னைக் கூப்பிட்டதில்லை. சுவரோரம் கட்டிலில் சிக்கந்தரின் கால்கள் தெரிந்தன. நன்றாக மெலிந்திருந்தன.

"யாரு வேணும் சார்?" என்றாள்.

கழற்றிய ஒற்றைச் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து, "யாரும்மா அது?" என்று அவன் குரல்.

மும்தாஜ் என் முகத்தை விட்டுக் கண் எடுக்காமல் சொன்னாள்: "யாரோ வெளியூர்க்காரரு. வீடு மாறி வந்துட்டாரு."