சிவப்புக் குஞ்சுகளின் மேல் விழுந்த தூண்டில்

தான் போட்ட சட்டத்தைத் தானே மீறிவிட்ட ஒருவர், அதே சட்டத்தைச் சொல்லி முன்பு விரட்டிவிட்ட ஆளின் முகத்தை எப்படிப் பார்ப்பார்? பலாபத்வல ஊர்ப் பலீலை அறிந்தவர்கள் யாருக்கும் அவருடைய அறுபத்திரண்டாவது வயதுவரை இப்படியொரு கேள்வி எழுந்திருக்காது.

மாத்தளை பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்தவர் பலீல். பிந்தி வந்த டிரைவருக்கு அவர் ஒருபோதும் இரங்கியதில்லை. சொந்த மச்சானின் பஸ்ஸையே ஒருநாள் முழுக்க ஓரங்கட்டி வைத்தார். நேர்மையானவர்தான். ஆனால் அந்த நேர்மையைக் கொஞ்சம் சத்தமாகவே நடத்திவந்தார்.

ஓய்வுபெற்ற பின் அவருக்கு மிஞ்சியது மீன்பிடி. மழை விட்டுக் குளங்கள் தெளியும் மாசி மாதத்தில் தம்புள்ளைக்கு அப்பாலுள்ள ஒரு குளத்தில் விரால் பிடிப்பார். வாடைக்காற்று அடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் போய், இறங்குதுறையில் நின்று பாரை பிடிப்பார். கூட்டாளிகள் ஐந்தாறு பேர். குளத்தில் எல்லோருக்கும் அவர் விதித்த சட்டம் ஒன்று இருந்தது: குஞ்சுகளோடு நிற்கும் விராலுக்குத் தூண்டில் போடக்கூடாது.

சிங்களத்தில் லூலா எனப்படும் விராலின் குஞ்சுகள் சிவப்பாக இருக்கும். நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்து, செங்கல் தூள் கொட்டிய மாதிரி நீரின் மேல் மிதந்து திரியும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தச் சிவப்பின் மேல் எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். பசியினால் அல்ல, கோபத்தினால். ஆகவே அங்கே தூண்டில் போட எந்தக் கெட்டித்தனமும் தேவையில்லை. காவல் போய்விட்டால் மற்ற மீன்கள் வந்து குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சட்டத்தை மீறியவன் றிஷாத். வெல்டிங் கடை வைத்திருப்பவன்; பலீலை ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுபவன். அவன் மனைவி நிஷ்மியாவுக்கு ஒப்பரேஷன் முடிந்திருந்தது. புண் ஆற விராலைக் குழம்பாக்கி ஆணம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் எங்கும் கிடைக்காமல், கடைசியில் குஞ்சுக் கூட்டத்தின் மேல் தூண்டிலை வீசினான். மீன் மாட்டியது. பலீல் ஓடிவந்து கத்தியால் நூலை அறுத்தார்.

“நீயும் ஒரு வாப்பாதானே? வெக்கமா இல்லயா?”

“நானா, நிஷ்மியாக்கு வயித்துல தையல் போட்டிருக்கு. ஒரே ஒரு மீன்தான்.”

“மீன் வேணுமெண்டா மார்க்கட்டுக்குப் போ. இனி எங்களோட வராத.”

மற்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். றிஷாத் நூலைச் சுருட்டிக் கம்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸேறிப் போனான். அந்த விரால் வாயில் கொக்கியோடேயே போயிற்று. அதை அன்று பலீல் யோசிக்கவில்லை.

இந்த மாசியில் மகள் ஆதிபாவின் கணவன் ஷிஃபான் கொழும்பிலிருந்து வந்திருந்தான். மாமாவின் கெட்டித்தனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று அவரோடு குளத்துக்கும் வந்தான். ஏழு மணியிலிருந்து பதினொன்றுவரை ஒரு மீனும் தொடவில்லை.

“மாமா, லூலா குளத்துல இருக்கா, இல்லாட்டி ஒங்கட கதையில மட்டுந்தான் இருக்கா?”

“பொறுங்க மருமகன், வெயில் ஏறட்டும்.”

“வெயில் ஏறினா எனக்குத் தலையிடிதான் ஏறும். வாங்க, தம்புள்ளையில ஒண்டு வாங்கிட்டுப் போவம். நாங்க பிடிச்சதெண்டு சொன்னா ஆதிபாக்கு வெளங்கவா போகுது?”

பலீலும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே தூண்டிலை இன்னும் வேகமாக வீசினார். அப்போதுதான் தாமரை இலைகளுக்குப் பக்கத்தில் சிவப்பைக் கண்டார்.

கை தயங்கியதாகப் பின்னர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். தயங்கவில்லை. தூண்டிலில் கோத்த ரப்பர் தவளை நேராகக் குஞ்சுகளின் நடுவில் போய் விழுந்தது. நீர் வெடித்தது. மாட்டிய விரால் இரண்டு கிலோ இருக்கும். ஷிஃபான் துள்ளிக்கொண்டு போனில் வீடியோ எடுத்தான். மீனைத் தூக்கிப் பிடித்தபடி பலீல் திரும்பிப் பார்க்கையில், சிவப்பு சிதறிக்கொண்டிருந்தது. அதனடியில் திலாப்பியா மீன்கள் புகுந்து புகுந்து வெளியேறின.

அன்று வீட்டில் மனைவி நூருன்னிஸா ஆக்கிய ஆணத்தை எல்லோரும் மெச்சினார்கள். பலீல் வயிறு சரியில்லை என்று வெறும் சோறு தின்றார். ஷிஃபான் அவருடைய போனை வாங்கி, வீடியோவைக் கூட்டாளிகளின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருந்தான். அவர் கண்டபோது எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள். மீனுக்குப் பின்னால், நீரில், சிவப்பு தெளிவாகத் தெரிந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெருவிரல் படங்கள் வந்தன. குழுவிலிருந்து நீக்க யாருக்கும் நினைவு வராத றிஷாத்திடமிருந்து ஒரு வரி:

“நல்ல மீன் நானா. பெரிசு.”

அவன் ஏசியிருந்தால் பதில் தேடியிருப்பார். அடுத்த வரி வருமென்று மூன்று நாள் போனைத் திறந்து திறந்து பார்த்தார். வரவில்லை. றிஷாத் தூண்டில் போட்டது மனைவியின் தையல் காய. தான் பிடித்தது மருமகனின் ஒரு பகிடிக்காக. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது அப்படியேதான் இருந்தது.

நான்காம் நாள் வெல்டிங் கடைக்குப் போனார். றிஷாத் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான். அந்த மரியாதையே அவரைச் சுட்டது.

“நோன்புக்கு முந்தின ஞாயிறு திருகோணமலைக்கு வேன் போகுது. சுபஹு தொழுகைக்குப் பொறகு சந்தியில நில்லு.”

“நான் வாறதா?”

“ஒன்னத்தான் சொல்றேன்.”

றிஷாத் ஒரு ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் தள்ளினான். “நிஷ்மியாக்கு இப்ப நல்ல சொகம், நானா” என்றான் றிஷாத், கேட்காமலே.

சொல்ல வந்ததைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பலீல் வாயைத் திறந்தார். “பெரிய பாரை மாட்டினா ஒன்ட நூல் தாங்குமா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிறு காலை எல்லோரும் சந்தியில் கூடினார்கள். பாண் ரொட்டிப் பையையும் ஐஸ் பெட்டியையும் பலீலே ஏற்றினார். “என்ன நானா, இண்டைக்கு எங்களுக்கு மூட்டை தூக்குற நாட்டாமியா?” என்று டிரைவர் ஜைனுதீன் கேட்க, வேன் முழுக்கச் சிரிப்பு. வருடாவருடம் தான் உட்காரும் முன் ஆசனத்தில் றிஷாத்தை ஏற்றினார் பலீல். அவன் அவரைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

“நீங்க ஏறலயா?” என்றார் ஜைனுதீன்.

“வேன எடுங்க.”

“என்ன, முழங்கால் நோவா?”

“எடுங்கன்றேன்.”

வேன் போய்விட்டது. அன்றிலிருந்து பலீல் குளத்துக்கும் போவதில்லை, கடலுக்கும் போவதில்லை. கூட்டாளிகள் நோன்பு முழுக்கக் கேட்டார்கள். பெருநாளன்று றிஷாத்தே வீட்டுக்கு வந்து கூப்பிட்டான். அவனுக்கு வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தார். காரணம் மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.