காராமணி வேரில் ஒரு சிவப்பு

பீர்க்கன்கரணை ஏரிக்குத் தெற்கே, லேஅவுட் கற்களுக்கு நடுவில், முப்பது சென்ட் நிலம் இன்னும் மண்ணாகவே கிடக்கிறது. அது ஹஃபீசாவின் நிலம். கிணறு கிடையாது, போர்வெல் கிடையாது. மழை பெய்தால் உண்டு. அவளிடம் இருந்தது ஒரே மாடு, செவலை. போன வருஷம், இது நடந்தபோது, அது சினையாக இருந்தது.

அவள் வீட்டுக்காரர் ஹிதாயத்துல்லா பெருங்களத்தூரில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவர். வைக்கோல் விற்கிற விலைக்கு இனி மாடு கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டார்.

"நெலத்துல தீனி வந்தா மாடு இருக்கட்டும். புரட்டாசிக்குள்ள வரலைன்னா குன்றத்தூர் தரகர் வந்து ஓட்டிக்கினு போயிடுவாரு. அப்பால அழுதுகினு இருக்காத."

"அழறதுக்கு எனக்கு எங்க நேரம் கீது?" என்றாள் ஹஃபீசா.

மாட்டாஸ்பத்திரியில் தீவனச் சோள விதையும் காராமணி விதையும் கொடுத்து, மூன்று வரிசைச் சோளத்துக்கு ஒரு வரிசை காராமணி போடச் சொன்னார்கள். ஆடிக் கடைசியில் ஒரு மழை விழுந்தது. அந்த ஈரத்திலேயே விதைத்துவிட்டாள்.

பக்கத்தில் முருங்கை வைத்திருக்கும் சவுரிமுத்து வேலியோரம் நின்று பார்த்தான்.

"இன்னாக்கா, சோத்தையும் கொழம்பையும் ஒரே பாத்தியில போட்டுட்ட?"

"மாடு ஒரே வாயிலதான துண்ணுது, அண்ணா."

முப்பதாம் நாள் களை எடுக்கும்போது ஒரு காராமணிச் செடி வேரோடு கையில் வந்தது. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. முந்தின வருஷம் வீட்டுப் பின்னால் போட்ட கத்தரி அத்தனையும் இப்படித்தான் வேர் முடிச்சு விழுந்து செத்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை. கிழக்கிலிருந்து ஆரம்பித்து, உச்சி வெயிலுக்குள் பாதி நிலத்துக் காராமணியைப் பிடுங்கிப் போட்டாள்.

இடுப்பு வலிக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு செடியை மடியில் வைத்துப் பார்த்தாள். முடிச்சைத் தொட்டதும் பாசிமணி மாதிரி உதிர்ந்து வந்தது. கத்தரியில் அப்படி வராது. அங்கே வேரே வீங்கிக் கிடந்தது, பிய்த்தாலும் பிரியாது. ஹஃபீசா அந்த மணியை நகத்தால் கிள்ளினாள். உள்ளே சிவப்பு. அப்போதுதான் அறுத்த கறியின் சிவப்பு. நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. மண்ணுக்குள் இருட்டில் கிடக்கிற ஒரு வேருக்கு இந்த நிறத்தை யார் கொடுத்தது? நோய் பிடித்தது இப்படி உயிரோடு இருக்குமா? மீதிப் பாதியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

அதற்கப்புறம் இருபத்திரண்டு நாள் மழையே இல்லை. பிடுங்கின பாதியில் சோளத்தின் இலைகள் பீடி மாதிரி சுருண்டன. வாடின இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். பூ எடுக்கும் வரை அறுத்துப் போடவும் வழியில்லை. மேற்குப் பாதியில் கொடி படர்ந்து தரையே தெரியவில்லை. சோளம் கறுப்பாகத் தெரிகிற அளவுக்குப் பச்சை. நடுவில் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. அவள் தினமும் போய் அந்தக் கோட்டில் நின்றாள். சும்மா நின்றாள், அவ்வளவுதான்.

செவலை காராமணிக் கொடியைத் தின்றது. வயிறு நிரம்பிப் படுத்தது.

சொன்னபடி தரகர் கயிறோடு வந்தார். ஹிதாயத்துல்லா அவரைத் தெருவில் நிறுத்திவிட்டு, மனைவியோடு நிலத்துக்கு வந்தார். ஒருபக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். குனிந்து கொடிக்கு அடியில் கைவிட்டார்.

"ஜில்லுனு கீதே. தண்ணி ஊத்துனியா?"

"எங்கேந்து ஊத்துவேன்? உங்க மோட்டாருக்குக் கெணறா வெச்சிருக்கேன்?"

அவள் ஒரு செடியைத் தோண்டி, மணியைக் கிள்ளி, அவர் விரலில் வைத்து அழுத்தினாள். "இந்த மணிதான் சோளத்துக்கும் சோறு போடுது." அவர் அந்தச் சிவப்பை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். "சுப்ஹானல்லாஹ்," என்றார் மெதுவாக.

"நோவுன்னு நெனச்சு பாதிய நான்தான் பிடுங்கிப்போட்டேன்," என்றாள் ஹஃபீசா. அவள் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததை அவர் கேட்டதே இல்லை.

"மீதிப் பாதி போதும், செவலைக்கு."

அந்த விரலைத் துடைக்காமலே தெருவுக்கு நடந்தார். தரகரிடம் அதை நீட்டிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "மாடு குடுக்கறதா இல்லண்ணா. டீ சாப்ட்டுட்டுப் போங்க."