துருப்பிடித்த கதவும் பட்டு முந்தானையும்

என் வீட்டுக்காரர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தார். ரப்பர் பாலைத் திராவகம் ஊற்றி உறைய வைப்பது, உறைந்ததைத் தகடாக அழுத்துவது, தகட்டுக்குப் புகை போடுவது, இவைதான் அவருக்குத் தெரிந்த வித்தை. உலகத்தில் எது உடைந்தாலும் ரப்பர் பாலால் ஒட்டிவிடலாம் என்பது அவர் கட்சி. என் செருப்பை ஒட்டினார். குடையை ஒட்டினார். ஒருமுறை ஆடிக்கொண்டிருந்த தன் சொந்தப் பல்லையே ஒட்டிப் பார்த்தார். பல் நிற்கவில்லை.

ரப்பர் விலை ஏறி, துரைமார்கள் எல்லோரும் புது மோட்டார் வாங்கிய காலம் அது. எங்கள் துரை தன் பழைய மோட்டாரை ஸ்டோருக்குப் பின்னால் மழையில் போட்டுவிட்டார். அதற்குள் ஒரு கோழி இரண்டு தடவை குஞ்சு பொரித்தது. "நான் எடுத்துக்கட்டுமா தொரை?" என்று இவர் கேட்க, துரை சிரித்துக்கொண்டே தலையாட்டினாராம். அவர் ஏன் சிரித்தார் என்பது, லயத்து வீட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பேர் அதை எங்கள் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பெட்ரோல் ஊற்றினால், எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. உடம்புதான் இல்லை. இடது பக்கக் கதவைத் துரு தின்று, நடுவில் என் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. நுழைத்தே பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து பீடோரில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். அவனுக்கு நான் ஒரே அக்கா. ஆனால் பீடோரிலேயே என் பெரியப்பா மகள் இருந்தாள். "நீ தூரத்துல இருக்க. நேரத்துக்கு வர முடியலன்னா நானே முடிச்சுப் போட்டுர்றேன், கவலப்படாத" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். கவலையாம்! சின்ன வயதில் என் வளையலை இரவல் வாங்கி, திருப்பித் தரும்போது பாதிதான் தந்தவள் அவள். அந்த முடிச்சை அவள் கையில் விடுவதைவிட நான் நடந்தே பீடோர் போவேன் என்று குதித்தேன்.

"நடப்பானேன்? நம்ம காடியிலயே போலாம்" என்றார் இவர்.

ரயிலில் போகலாமே என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் கண்முன்னால் மோட்டாரிலிருந்து இறங்கும் ஆசை எனக்கும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாளே செங்கல் துண்டும் தேங்காய் மட்டையும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு கதவைச் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டச் சுரண்டத் துரு போகவில்லை, கதவுதான் போய்க்கொண்டிருந்தது. பாலை உறைய வைக்கும் திராவகத்தைத் தடவினால் துரு கரையும் என்று யாரோ சொல்ல, அதையும் தடவினார். துரு கரைந்தது. மிச்சமிருந்த தகரத்திலும் பாதி கரைந்தது. ஈப்போவில் ஒரு சீனர் ஈயம் வைத்து அழகாக ஒட்டித் தருவார், அவரிடம் கொண்டுபோங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"எதுக்குலா? நம்மகிட்டதான் பாலு இருக்கே!"

மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்து, தட்டி, கதவின் மரச்சட்டத்தில் ஆணி அடித்தார். அதன்மேல் ஒரு வாரம் பாலை ஊற்றி ஊற்றிக் காய வைத்தார். பிறகு புகை போட வேண்டுமே! ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி விடமாட்டேன் என்று விரட்டிவிட்டார். மூன்று நாள் என் அடுப்புக்கு மேலே மோட்டார் கதவு தொங்கியது. அதற்குக் கீழேதான் குழம்பு வைத்தேன். குழம்பும் ரப்பராகவே மணத்தது. கடைசியில் தாரை மண்ணெண்ணெயில் கரைத்து மேலே பூசினார். கதவின் கீல்களும் துருவில் உதிர்ந்துவிட்டதால், கீல் இருந்த இடத்தில் வேலிக்கம்பியை முறுக்கி வண்டியோடு சேர்த்துக் கட்டினார். பொய் சொல்லக்கூடாது, பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று விடியற்காலையில் கிளம்பினோம். நான் என் கூறைச்சேலையைக் கட்டியிருந்தேன். ஈப்போ தாண்டியதும் வெயில் ஏறியது. தாப்பா வந்ததும் முந்தானையை எடுத்துக் கதவுக்கு வெளியே விரித்துத் தொங்கவிட்டேன்.

"தூசி படியும். உள்ள எடு."

"ஜரிகை நாலு பேருக்குத் தெரியட்டும். நீங்க ரோட்டப் பாருங்க."

காற்றில் பறக்காமல் இருக்க, பீடோர் வரைக்கும் முந்தானையைக் கதவோடு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். இந்தப் புத்திசாலித்தனம் முழுக்க என்னுடையது.

பந்தல் வாசலில் மேளச்சத்தம். ஊரே ஓடி வந்தது. முன்னால் நின்றவள் பெரியப்பா மகள். நான் புன்னகையோடு எழுந்தேன், கதவைத் திறந்து கீழே காலை வைத்தேன். முந்தானை வரவில்லை. பதப்படாத பச்சை ரப்பர் வெயிலில் இளகி, மண்ணெண்ணெய்த் தாரும் சேர்ந்து, பட்டைக் கவ்விப் பிடித்திருந்தது. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். நான் ஒரு முழம் போனேன், ரப்பர் என்னை ஒரு முழம் திருப்பி இழுத்தது. எங்கள் தோட்டத்துச் சரக்கு முதல்தரம் என்பதை அன்று பீடோரே பார்த்தது.

யாரோ கத்தரிக்கோலை நீட்டினார்கள். கூறைச்சேலையில், அதுவும் கல்யாண நாளில் கத்தரி வைப்பதா? வேறு சேலை மாற்றவும் நேரமில்லை. உள்ளே தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

"நீ நிதானமாப் பிச்சுக்கிட்டு வா. நான் போய்ப் போட்டுர்றேன்" என்று திரும்பி நடந்தாள் அவள்.

எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. "கதவக் கழட்டுங்க!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரரை ஊர் முன்னால் நான் அதட்டியது அதுதான் முதல் தடவை.

கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கினார், கதவு கையோடு வந்தது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே ஓடி வந்தார். "சீர் வருது, வழி விடுங்க!" என்று எவரோ கூவ, கூட்டம் மரியாதையாக விலகியது.

மணமேடையில் தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டான். கெட்டிமேளம் காதைப் பிளந்தது. பெரியப்பா மகள் கையை நீட்டிவிட்டாள். நான் அவளை இடித்துக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் குனிந்தேன். ஒரு சாண் எட்டவில்லை. கதவின் மறுமுனை மேடைக்காலில் இடித்துக்கொண்டு முந்தானை என்னைப் பின்னால் இழுத்தது. இவருக்கோ தோள் சரிந்துகொண்டிருந்தது.

"யாராச்சும் அந்தப் பக்கம் பிடிங்களேன்!" என்று அலறினார்.

பக்கத்தில் நீட்டியபடி இருந்தது ஒரே ஒரு கைதான். கதவின் முனையைத் தூக்கி அதில் வைத்துவிட்டார்.

விட்டால் காலில் விழும். பெரியப்பா மகள் பிடித்துக்கொண்டாள். நான் முடிச்சுப் போட்டேன். இரண்டையும் ஆற அமர, அழுத்தமாகப் போட்டேன். அதுவரை தலைகுனிந்தே இருந்த கல்யாணப்பெண் மெல்லத் திரும்பி என்னையும் என் முந்தானையோடு வந்த கதவையும் பார்த்தாள்.

"ரொம்ப கனமா இருக்கா, அண்ணி?"

அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

"எனக்கு இல்லம்மா" என்றேன்.