காது டீச்சரும் இரண்டு பிளேயர்களும்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் காது டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை என்னவோ செவித்திறன் பரிசோதனை. சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பிள்ளைகள் இதைப் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு "பாஸா டீச்சர்?" என்று கேட்டதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இருபத்தெட்டு வருடம் ஒரே பள்ளி. மகள் கல்யாணமாகிப் போனதும், காலியான அவள் அறையை ஹோம் தியேட்டர் ஆக்கியே தீருவது என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். பெரிய டிவி வந்தது. மூலைக்கொன்றாக ஸ்பீக்கர் வந்தது. பிளேயர் வாங்கும்போதுதான் முட்டிக்கொண்டது.

அந்த வருடம் துல்லியமான படத்துக்கென்று இரண்டு வகை வட்டுகள் கடைக்கு வந்திருந்தன. ப்ளூ-ரே ஒன்று, எச்டி டிவிடி ஒன்று. இதன் வட்டு அதில் ஓடாது, அதன் வட்டு இதில் ஓடாது. சில படங்கள் இந்தப் பக்கம் மட்டும், சில அந்தப் பக்கம் மட்டும். அவர் பேப்பரில் வந்ததையெல்லாம் கத்தரித்துப் பேருந்தில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார். பிள்ளைகளை ஏற்றிவிட வரும் அப்பாக்களிடமெல்லாம் கருத்துக் கேட்டார். ஆளுக்கொன்று சொல்லி அவரை இன்னும் குழப்பினார்கள். கடைசியில் ப்ளூ-ரேதான் என்று ஒரு மாதிரி முடிவுக்கு வந்திருந்தார்.

சனிக்கிழமை கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தலை நரைத்தவர், அவசரப்படுத்தாதவர். பின்னால் கறுப்புத் துணி போர்த்திய அறையில் சோபாவில் உட்காரவைத்து, இரண்டு வகையிலும் வெளிவந்திருந்த ஒரே படத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். காட்டுக்குள் ஒருவன் தனியாக நடந்து போகும் காட்சி.

"ரெண்டாவதுல சில்வண்டு சத்தம் கொஞ்சம் தெளிவா இருக்குல்ல?" என்றாள் அவள்.

"எந்தச் சில்வண்டு?" என்றார் கணவர்.

கேலி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. திரையில் பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் கடைக்காரரிடம். இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பார்ப்பதுபோல் கணவர் முகத்தைப் பார்த்தாள். அறை முழுக்கச் சில்வண்டுகள் கத்தின. அந்த முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

டிவி சத்தத்தை அவர் கூட்டிக்கொண்டே போனது, அழைப்பு மணி அடித்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தது, "நான் சொல்றத என்னைக்குத்தான் காதுல வாங்கினீங்க" என்று அவள் எரிந்து விழுந்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. ஊரார் காதையெல்லாம் அளந்தவள், வீட்டில் இருக்கும் இரண்டு காதைக் கவனிக்கவில்லை.

கடைக்காரரிடம் "கீழ எழுத்து போட்டுக் காட்டுங்களேன்" என்று மட்டும் கேட்டாள். எச்டி டிவிடியில் வசன எழுத்து பெரிதாக, கரை பிசிறாமல் வந்தது. இதுவே போதும் என்றாள்.

"சந்தையில இதுதான் நிக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் கடைக்காரர் நேர்மையாக.

"பரவால்லங்க."

கணவர் அவளை ஒரு தரம் பார்த்தார். இத்தனை நாள் கத்தரித்துச் சேர்த்த பேப்பர் துண்டுகள் சட்டைப்பையில் இருந்தன. "சரி, நம்ம வீட்டுல காதுக்கு அதிகாரி நீதான்" என்று விட்டுக்கொடுத்தார்.

திங்கட்கிழமை சாக்குச் சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, அந்தச் சின்ன அறையில் உட்காரவைத்தாள். கை தாமதமாகத்தான் எழுந்தது. பல ஒலிகளுக்கு எழவேயில்லை. வரைபடத்தில் கோடு மலைச்சரிவுபோல் இறங்கியது.

"எப்போலேருந்து இப்படி?"

"தெரியலம்மா. கொஞ்ச வருஷமா பஸ்ல பசங்க ரொம்ப அமைதியாயிட்டாங்கன்னு நெனச்சேன். இந்தக் காலத்துப் பசங்க நல்லா வளர்றாங்கன்னு உன்கிட்டகூடச் சொன்னேனே."

அவள் பேனாவை எடுத்து எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள்.

காதில் கருவி மாட்டிக்கொள்ள ஒப்புக்கொள்ளவே அவருக்கு இரண்டு வருடமானது. அதுவரை சனி, ஞாயிறு மதியங்களில் மகளின் அறையில் திரையைப் போட்டு, எழுத்தோடு படம் பார்த்தார்கள். அவர் வசனத்தை வாய்விட்டு வாசிப்பார். நடிகன் வாய் திறப்பதற்குள் நகைச்சுவையை இவர் சொல்லி முடித்துவிடுவார். அவள் அவர் தொடையில் ஒரு தட்டு தட்டுவாள். பிறகு அவளும் வாசிக்க ஆரம்பித்தாள், பெண் குரலெல்லாம் அவளுக்கு.

அவர்கள் வாங்கிய சில மாதத்திலேயே எச்டி டிவிடி தோற்றுப்போனது. இனி அந்த பிளேயரைத் தயாரிப்பதில்லை என்று பேப்பரில் செய்தி வந்தது. அவர் அதையும் கத்தரித்து முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். "அதிகாரி அம்மா பார்வைக்கு" என்று கீழே எழுதியிருந்தார். அடுத்த சனிக்கிழமை அதே கடைக்குப் போனார்கள். அந்த வகை வட்டுகளையெல்லாம் கடைக்காரர் ஒரு கூடையில் கொட்டி வைத்திருந்தார். எது, என்ன என்று பார்க்காமல் இரண்டு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார்கள். நல்ல படம், குப்பைப் படம், யாரும் பார்த்திராத படம் எல்லாம் இருந்தது. ஒன்றுவிடாமல் பார்த்தார்கள். அந்த இரண்டு வருடம்போல் அவர்கள் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது கல்யாணமான புதிதிலும் கிடையாது.

நாலாம் வருடம் பிளேயரின் தட்டு வெளியே வர மறுத்தது. ரிப்பேர் பண்ண ஆளில்லை. வீட்டுக்கு ப்ளூ-ரே வந்தது, பிறகு அதுவும் போய் எல்லாம் இணையத்தில் வர ஆரம்பித்தது. அவர் காதில் கருவியோடு ஓய்வுபெற்றார். இப்போது வசனம் நேராகவே கேட்கிறது, அதனால் வாசிப்பதில்லை.

ஓடாத வட்டுகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. மகள் வரும்போதெல்லாம் "இத எதுக்கும்மா வச்சிருக்கீங்க?" என்பாள். எப்போதாவது தூசி தட்டுகிற சாக்கில் அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்.

"இது உனக்குக் காய்ச்சல் அடிச்சப்போ பார்த்தோம். பாதியில தூங்கிட்ட."

"முடிவு என்ன ஆச்சு?" என்பாள் காது டீச்சர்.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்.