ஏழாம் வாய்பாடு

எங்கள் பள்ளியில் இப்போது யாரும் வாய்பாட்டை முழக்குவதில்லை. நான் காரைக்குடியில் கணக்கு டீச்சர். என் வகுப்பில் மணிச்சரம், குச்சிக்கட்டு, வண்ண அட்டை என்று தரையெல்லாம் இறைந்து கிடக்கும். கூறு கூறாக வைத்துப் பார்த்து, பெருக்கல் என்றால் என்னவென்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்பது இன்றைய முறை. "இன்னும் பதிமூணாம் வாய்பாடு வரலையே டீச்சர்" என்று சண்டைக்கு வரும் பெற்றோரிடம், ஒப்பிப்பது வேறு, புரிவது வேறு என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் அப்பா படித்த காலத்தில் கணக்கு என்றாலே முழக்கம்தான். சாயங்காலம் பள்ளிக்கூடமே வரிசையில் நின்று பதினாறாம் வாய்பாடு வரை கத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகுமாம். தப்பினால் முட்டியில் அடி. எனக்குப் பாதி முழக்கமும் பாதி லாகரிதம் அட்டவணையும் வாய்த்தன. நானும் புரிந்து படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

போன வருஷம் அப்பாவுக்கு மறதி வந்தது. வயலுக்குப் போகிற வழி தெரியாமல் கண்மாய்க்கரையில் நின்றார். சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டார். அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை.

"பதினாறாம் வாய்பாட்டைத் தலைகீழாச் சொல்றாக. அவுகளுக்குப் போயி மூளையில கோளாறுங்கிறியே" என்று என்மேல் பாய்ந்தாள். காலையில் காபி கொடுக்கும்போது ஒரு வாய்பாடு கேட்பாள். அவர் சொல்லி முடித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்கு நிம்மதி.

ஒருவழியாகச் சிவகங்கைக்கு அழைத்துப் போனோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். நூறில் ஏழைக் கழிக்கச் சொன்னார்.

"தொண்ணூத்தி மூணு" என்றார் அப்பா.

அதிலிருந்து இன்னொரு ஏழு? அப்பா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிக் கேட்டா எப்படிய்யா? வாய்பாடாக் கேளுங்க, சொல்லுவாக" என்று அம்மா குறுக்கே விழுந்தாள். டாக்டரும் கேட்டார். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று தொடங்கிய அப்பா, ஓர் இடத்திலும் தட்டாமல் ராகத்தோடு முடித்தார். பிள்ளையின் மார்க்கைக் கேட்க வந்தவள் மாதிரி அம்மா டாக்டர் முகத்தையே பார்த்தாள்.

"நல்லாச் சொன்னீங்க ஐயா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தலையை ஸ்கேன் எடுத்துவரச் சொல்லி எழுதினார் அவர். அவர் சொன்னதில் முன்பாதியை மட்டும் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மறுநாள் எனக்கு மனசு கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை எடுத்துவந்து அப்பா முன்னால் பரப்பினேன்.

"ஏழு எடுத்துத் தாங்கப்பா."

ஏழு என்று கேட்டதும் முகம் மலர்ந்து வாய்பாட்டைத் தொடங்கிவிட்டார். கை மட்டும் கொட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கொஞ்சம் அள்ளினார், திரும்ப வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து என் பக்கம் தள்ளினார். வாய் மட்டும் நிற்கவில்லை. இத்தனை காலம் பள்ளிக்கு வரும் பெற்றோரிடம் நான் அடித்துச் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது.

அப்பா முடித்ததும் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"சரியாச் சொன்னாகளா?"

"சரியாத்தாம்மா சொன்னாக" என்று சொல்லிவிட்டு, கொட்டைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டேன்.