அக்காவின் முடியை நேராக்கிய கதை

பனியன் கம்பெனியில் அப்பா ஓட்டிய மெஷினில் தொங்கிய இரும்புக் குண்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப்போனது. பனியன் துணி மெஷினிலிருந்து குழாய்போல இறங்கும்போது சுருண்டு மேலே ஏறாமலிருக்க, துணியின் நுனியில் அதைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கம்பெனியில் அதற்கு அந்த வேலைதான். எங்கள் வீட்டில் அதை என் அக்காவின் முடியில் கட்டினார்கள்.

அக்காவுக்குச் சுருட்டை முடி. நானும் அவளும் ஒரே கம்பெனியில் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தோம். தலைக்குக் குளித்த நாளில் அவள் உள்ளே நுழைந்தாலே மடிப்புப் பகுதியில் இருந்த பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏனம்மிணி, உள்ள குருவி ஏதாச்சும் கூடு கட்டியிருக்குதா?"

"ஆமாக்கா, முட்டை வெச்சதும் சொல்றேன், வந்து எடுத்துக்கோங்க."

அப்படிப் பேசுகிறவளாகத்தான் இருந்தாள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று அவளைப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

பக்கத்து ஊரான மங்கலத்திலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சொந்தத்தில் தறி வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை எங்கள் கம்பெனிக்குச் சைக்கிளில் வந்து போகிறவர்தான். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. என்னிடம் சொன்னாள், வேறு யாரிடமும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்று எல்லாம் பேசி முடிந்து காப்பியும் குடித்த பிறகு, மாப்பிள்ளையின் அம்மா அக்காவைத் திரும்பி நிற்கச் சொன்னார். சடையின் நுனியைப் பிரித்துப் பார்த்தார். அவருடைய மூத்த மருமகளும் சுருட்டை முடிக்காரியாம். கல்யாணமான வருசமே பிரசவத்தில் போய்விட்டாளாம்.

"சுருட்டை எங்கூட்டுக்கு ஆகாதுங்க. ஒருக்கா பட்டது போதும்," என்றார்.

எழுந்து "போய்ட்டு வாங்க" என்று அப்பா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்கா கதவோரம் நின்று அழுததை அவர் பார்த்துவிட்டார்.

"அதென்னங்க பெரிய காரியம்? பிரிச்ச நூலையே நேராக்கறவனுங்க நானு. முடிய ஆக்க மாட்டனா? மூணு மாசம் குடுங்க," என்றார்.

பனியன் துணியைப் பிரித்தால் வரும் நூல் நெளிநெளியாகத்தான் இருக்கும். பழுதான துண்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, தண்ணீரில் முக்கி, கீழே குண்டைக் கட்டி நிழலில் தொங்கவிடுவார். காய்ந்து எடுத்தால் நூல் ஆணி மாதிரி நேராக இருக்கும். முடியும் அப்படித்தான் என்று அவர் முழுதாக நம்பினார். ஊரில் யாரோ ஒருத்தி இஸ்திரிப் பெட்டியை வைத்து முடியைக் கருக்கிக்கொண்டதாக அம்மா சொன்னபோது, "சூடே ஆகாது. தண்ணியும் எடையும் போதும்," என்றார்.

வாரம் இருமுறை சீயக்காய் போட்டு அக்காவுக்குத் தலைக்கு ஊற்றினோம். ஈரத்தோடு வடிகஞ்சியும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் தடவி, முடியைக் கொத்துக்கொத்தாகப் பிரித்து, கம்பெனியில் கழித்துப் போடும் பனியன் துணியை நாடாவாகக் கிழித்து, வேரிலிருந்து நுனிவரை இறுக்கிச் சுற்றினோம். பிறகு கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, தலையை விளிம்புக்கு வெளியே இழுத்து, நுனியில் குண்டைக் கட்டுவோம். காயும்வரை அப்படியே கிடப்பாள். கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். "வலிக்குதா கண்ணு?" என்று அப்பா கேட்பார். "இல்லீங்கப்பா" என்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவிழ்த்து விடட்டுமா என்று கேட்டால் என்னைத்தான் முறைப்பாள். நெற்றியோரத்தில் முடி கொத்தாகக் கழன்று வந்ததை அவளே சுருட்டி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டாள், அம்மாவுக்குத் தெரியாமல்.

முடி நேரானது. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா வந்து விரலால் கோதிப் பார்த்துவிட்டுப் பூ வைத்தார். அப்பாவுக்குச் சந்தோசத்தில் நிலைகொள்ளவில்லை.

அவர் பிசகிய இடம் ஒன்றே ஒன்றுதான். நூலில் தண்ணீர் பட்டால் நெளிவு போகும். முடியில் தண்ணீர் பட்டால் போன நெளிவு திரும்பி வரும். அந்த மூன்று மாதத்திலும், பிறகு கல்யாணம் வரையிலும், அக்காவின் முடி ஒருமுறைகூடத் தானாகக் காயவில்லை. ஈரத்தோடு கட்டினோம், காய்ந்தபின் அவிழ்த்தோம். அதனால் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலையில், முகூர்த்தத்துக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றும் முறை உண்டு. அதை நினைத்து நான் பயந்தபோது அப்பா சிரித்தார். "தண்ணி பட்டா இன்னும் நேராகும், போ அம்மிணி," என்றார். ஊற்றினார்கள். துவட்டி, பந்தலுக்குப் பின்னால் மணையில் உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு வேலையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் முடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காதோரத்தில் ஒரு இழை சுருண்டது. பிறகு நுனிகள். காயக்காய எல்லாம் மேலே ஏறின. அக்கா இரண்டு கையாலும் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிழிப்பதற்குக்கூட அங்கே ஒரு துண்டுத் துணி இல்லை. அப்பா வந்து பார்த்தார். வாய் திறந்தபடி நின்றார். மெஷின் நின்றுபோனால் நிற்பாரே, அப்படி.

மாப்பிள்ளையின் அம்மா கூப்பாடு போடுவார் என்று நினைத்தோம். போடவில்லை. அக்காவின் தலையை ஒருமுறை பார்த்தார். "பந்தல் வரைக்கும் வந்தாச்சு. தாலியக் கட்டச் சொல்லுங்க. முடிய நான் பாத்துக்கறேன்," என்றார்.

பார்த்துக்கொண்டார். பதினைந்து வருசத்துக்கு மேல் பார்த்துக்கொண்டார். முடியை இறுக்கிக் கட்டி நேராக்காமல் அக்கா வாசலுக்கு வரக்கூடாது, அடுப்பு பற்றவைக்கக்கூடாது. தன் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அக்காவின் தலையைத்தான் பார்ப்பார். என் அக்காள் புருசன் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா ஒருமுறை மங்கலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்?

அந்த மாமியார் செத்த அன்று எழவு வீட்டில் பெண்களெல்லாம் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். அக்காவும் ஊற்றிக்கொண்டாள். ஈரத் தலையோடு என் கையைப் பிடித்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் இழுத்துப் போனாள்.

"துணி ஏதாச்சும் இருக்குதா? காய்றதுக்குள்ள கட்டோணும்."

"அவதான் போய்ச் சேந்துட்டாளே, இன்னும் யாருக்குக்கா?" என்று கத்தினேன். அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் தன் முந்தானையைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். வயதாகிவிட்டது, முன்நெற்றியில் முடியே இல்லை, பின்னால் நரைத்த ஒரு பிடிதான். வீட்டில் அவளுக்கு மேல் பெரியவர்கள் யாரும் இல்லை. மருமகள் அவளை ஒரு வார்த்தை சொல்வதில்லை. குளித்து வந்தவள் கண்ணாடிகூடப் பார்க்காமல் நாடாவைச் சுற்ற ஆரம்பித்தாள். விரலுக்கு நிற்காமல் அது நழுவி நழுவி விழுந்தது.

"போதும் விடுக்கா. சுருண்டா என்ன? யாரு உன்னைத் தொரத்தப் போறாங்க?"

"நீ பேசுவடி. உனக்கு நேர் முடி," என்றாள்.

கீழே விழுந்த நாடாவை எடுத்து, அவள் பின்னால் உட்கார்ந்து, நானே சுற்றிவிட்டேன்.

"இன்னும் இறுக்கு," என்றாள்.